பலகையில் காய்ந்த இடங்கள்

ஆறு பேரைப் பலகையில் உட்கார வைத்தால் படகு ஏன் காற்று வரும் பக்கமாகவே சாய்கிறது என்று நாகராசுவுக்குப் புரியவில்லை.

வத்தை என்னும் சின்னப் படகைக் கரையோரமாக ஓட்டிப் பழகியவன் அவன். 1958இல் ஜெகதாப்பட்டினத்துப் பந்தயத்துக்காகச் செவந்தியின் பெரிய படகில் சுக்கான் பிடித்தான். பந்தய நாளான வெள்ளிக்கிழமைக்குள் நேராக ஓட்டாவிட்டால் சுக்கான் வேறொருவன் கைக்குப் போய்விடும்.

காற்று பாயைத் தள்ளும்போது படகு மறுபக்கம் சாயும். படகின் குறுக்கே நீட்டிய பலகையில், காற்று வரும் பக்கத்து நுனியில் ஆட்கள் உட்கார்ந்தால் அது நிமிரும். எடை கூடினால் காற்று வரும் பக்கமே சாய்ந்து, படகின் முன்முனையான அணியம் திசை மாறும். அந்தப் பாய்க்கு ஆறு பேர் சரியான எடை. பந்தய விதியும் ஆறுதான்.

"ஆளு கூடிப்போச்சுக்கா."

"ஆறு பேருதானடா ஏறுனாங்க. வத்தையில ஒத்தையாளை வச்சு ஓட்டி, எண்ணவே மறந்துட்டியா?" என்றாள் செவந்தி.

கரை சேர்ந்ததும் ஆறு பேர் இறங்கினார்கள். பலகை அலைநீரில் நனைந்திருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் மட்டும் காய்ந்திருந்தன. எண்ணினான். ஏழு.

வெள்ளிக்கிழமை அந்த ஆறு பேரில் ஒருவனான கருப்பனைக் கரையிலேயே நிறுத்திவிட்டான்.

"ஆறாவது ஆளு எங்கடா?"

"இருக்காருக்கா."

படகு புறப்பட்டதும் கரையிலிருந்த நடுவர் பலகையைப் பார்த்து எண்ணி, ஆறு என்று எழுதிக்கொண்டார். படகு சாயாமல் ஓடியது.

அந்தப் படகில் ஐந்து பேரைத்தான் ஏற்ற வேண்டும்.