சென்ட்ரிங் பிரிக்கும் நாள்

சாரத்திலிருந்து விழுந்து முட்டியை ஒட்டி எலும்பு நொறுங்கிப்போன சென்ட்ரிங் வேலைக்காரன் வீரபத்திரனுக்குப் பிளேட்டும் எட்டு ஸ்க்ரூவும் வைத்துத் தைத்திருந்தார்கள். மூன்றாம் நாளே முட்டியை மடக்கச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் நர்மதா. அவன் மசியவில்லை. "இருபத்தோரு நாளைக்கு முன்னாடி சென்ட்ரிங் பிரிச்சா கூரை உக்காந்துரும்மா." முட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த தலையணையை யாரையும் தொடவிடவில்லை. பத்து நாள் ஓடிவிட்டது. "கான்கிரீட்டு கெட்டிப்பட்டா நல்லதுதாண்ணே. முட்டி கெட்டிப்பட்டா? அப்புறம் மடங்கவே மடங்காது" என்றாள் நர்மதா. அவனோடு பதினெட்டு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்த பெண்டாட்டி பவுனு, "குந்த முடியாத ஆள எந்த மேஸ்திரி கூப்புடுவான்?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தள்ளி நில்லு புள்ள. நீயுந்தாம்மா" என்றான். நர்மதா சிரிக்கவில்லை, இரண்டடி பின்னால் போனாள். எந்தக் கட்டடமானாலும் ஆட்களை விலக்கிவிட்டு கூரையைத் தாங்கி நிற்கும் முதல் சவுக்குக் கம்பை அவன்தான் உருவுவான், மேலே விரிசல் விடும் சத்தம் வருகிறதா என்று காதைச் சாய்த்தபடி. இப்போதும் காதைச் சாய்த்துக்கொண்டுதான் தலையணையின் முனையைப் பிடித்து இழுத்தான்.