ஆளில்லாத அறையில் ஒரு நிமிடம்

ஆளில்லாத ஓர் அறையின் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்து வரச் சொன்னார் எங்கள் ஒலி வடிவமைப்பு வாத்தியார். இதற்குப் பத்து மதிப்பெண். இருமி இருமியே செத்துப்போன அப்பாவின் அறையில் மைக்கை வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

கேட்டுப் பார்த்தால், நாற்பதாவது விநாடியில் இருமல்.

மின்விசிறி இரைச்சலை அழிப்பதுபோல அதையும் அழித்தேன். ஒலிக்கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. பொறுக்க முடியாமல் ஹெட்போனை அம்மாவின் காதில் மாட்டினேன்.

“எப்ப எடுத்தது?” என்றாள்.

“இன்னைக்குக் காலையில.”

“நேத்தைக்கு இன்னைக்குப் பரவாயில்ல.”

வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி, சாவியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருந்தது.