கமலாசனி சொன்ன இலக்கங்கள்

இந்தக் கார் இன்றைக்கு மட்டும் ஓடக்கூடாது, ஓடவே கூடாது என்று கமலாசனி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஓடினால் மகன் சேந்தன் கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கையில் சேர்ந்துவிடுவான். பிறகு எந்த நாடோ, எந்தக் கடலோ. போன கிழமை மஹய்யாவப் பகுதியில் ராணுவம் நடத்திய சுற்றிவளைப்பில் அவனுடைய சிநேகிதனைப் பிடித்துப்போனதிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

கணவர் அம்பிகைபாகன் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தார். பழைய கார். எஞ்சினில் கோளாறென்றால் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்து, டாஷ்போர்டு விளக்கு எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணி, அந்த இலக்கத்தைப் புத்தகத்தில் தேட வேண்டும். உள்ளே உட்கார்ந்து எண்ணுவது கமலாசனியின் வேலை.

"எத்தினை?"

"மூண்டு, பிறகு ஏழு."

அவர் எதையோ கழற்றிப் பூட்டினார். "இப்ப?"

"நாலு, பிறகு ஒன்பது."

"இதென்னம்மா, லொத்தர் சீட்டு நம்பர் மாதிரி ஒவ்வொரு தரமும் மாறுது?" பையைத் தூக்கிக்கொண்டு வந்த சேந்தன் சிரித்தான். "அப்பா, பத்து மணிக்கு முதல் வெளிக்கிட வேணும்."

உண்மையில், காலையில் முதல் தரமே விளக்கு இடைவிடாமல் ஒரே சீராக மினுங்கியிருந்தது. கோளாறு தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதை அவள் சொல்லவில்லை.

அம்பிகைபாகன் ஜன்னலருகே வந்து குனிந்தார்.

"கமலா, நீர் சொன்ன இலக்கம் ஒண்டும் புத்தகத்திலயே இல்லை. எனக்கு முதல் தரமே விளங்கிட்டுது. நானும் சும்மாதான் கழட்டிப் பூட்டிக்கொண்டு நிண்டனான்." குரல் தணிந்தது. "காணும், இனி விடும். அவன் இஞ்ச இருந்தா எங்களுக்கு உயிரோட மிஞ்சமாட்டான். சாவியைத் திருப்பும்."

கமலாசனி சாவியைத் தொடவில்லை.

"பொறுங்கோ," என்றாள். "இன்னொருக்கா எண்ணிப் பாக்கிறன்."