நியாயமான காரணம்

நாத்தனாரே கொண்டுவந்த மாப்பிள்ளை. வேண்டாமென்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. பலகாரத்துக்கு முன்பே மகள் தனுஜாவின் மனநோய் மாத்திரைகளைக் கூடத்தில் வைத்தாள் ரமணி.

இதற்கு முன் கெலுகோரில் இருந்த அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மாத்திரையைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பத்மா அசையவில்லை.

“மாத்திரைதானே லா, சாப்பிடட்டும். ஹரீஷ், எழுந்து நடந்து காட்டுய்யா!”

ஹரீஷ் ஊன்றுகோலுடன் கூடத்தைச் சுற்றி வந்தான்.

“காலு இவ்வளவுதான். பிடிக்கலன்னா சொல்லிடுங்க,” என்றாள் பத்மா ஆவலாக.

“அதெல்லாம் ஒரு குறையா?” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டாள் ரமணி.

“அப்ப தட்டு மாத்திடலாம்!” என்றாள் நாத்தனார்.

இரண்டு அம்மாக்களும் வெளிறிப்போய்ச் சமையலறைக்குள் புகுந்தார்கள்.

“நீங்க எதுக்குமே பயப்பட மாட்டீங்களாக்கா?” என்று கிசுகிசுத்தாள் பத்மா. “கார்ல இருக்கற கோகிலன் நாங்க சொன்ன மாதிரி டிரைவர் இல்ல. ஹரீஷ் வாழ்ந்தா அவனோடதான் வாழ்வானாம்.”

பலகாரத்துக்குக் கறிபாப் பொரித்துக்கொண்டிருந்த ஷர்மினியின் தோளை ரமணி தொட்டாள். “இவளும் வேலைக்காரி இல்லைங்க. தனுஜாவோட உயிரு.”

அடுத்த நிமிடம் கூடத்தில் சண்டை.

“மாத்திரை போடற பொண்ணு எங்களுக்கு வேணாம்!” என்று கத்தினாள் பத்மா.

“ஊன்றுகோல் மாப்பிள்ளை எங்களுக்கும் வேணாம்!” என்றாள் ரமணி.

நாத்தனார் தலையாட்டினாள். “ரெண்டும் நியாயமான காரணந்தான்.”

ஷர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, காருக்கு ஒரு தட்டு கறிபாப் கொண்டுபோனாள்.