ஐம்பத்திரண்டும் சரி

மேஜிக்காரர் சோம்பல் முறித்ததில் கைபட்டு, மேசையிலிருந்த சீட்டுக்கட்டு கட்டிலுக்கடி வரை சிதறியது.

அந்த ஐம்பத்திரண்டு சீட்டின் வரிசையும் அவருக்கு மனப்பாடம். கூட்டத்தில் யாராவது ஒன்றை உருவினால், அதற்கு மேலே இருந்த சீட்டைப் பார்த்தே, உருவியது எதுவென்று சொல்லிவிடுவார். பிழைப்பே அதுதான்.

மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துத் திரும்பினால், மனைவி கட்டை அடுக்கியே வைத்துவிட்டாள். மனதுக்குள் ஒப்பித்தபடி புரட்டினார். ஐம்பத்திரண்டும் சரி!

ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவருக்கு வீட்டில் யாரையும் நம்ப வராது.

“வரிசை உனக்கெப்படித் தெரியும்?”

“இருபது வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன், இது தெரியாதா?”

“உன் தம்பி கறுப்புக் கோட்டு தைக்கக் குடுத்திருக்கானாமே. அவனுக்குத்தானே என் தொழிலைச் சொல்லிக்குடுக்கறே?”

“அது அவன் கல்யாணக் கோட்டு. துணி எடுத்துக் குடுத்ததே நீங்கதானே!”

“பேச்சை மாத்தாதே. நான் வரிசை எழுதி வெச்ச பழைய நோட்டைத் திருட்டுத்தனமாப் பார்த்துத்தானே அடுக்கினே?”

“அதைப் பார்த்து அடுக்கினா, சாயங்காலம் மேடையில மானம் போயிடும்.”

“ஏன்? மழுப்பாம சொல்லு.”

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“ஒரு வருஷமா உங்களுக்கு வரிசை மறந்துபோகுதுங்க. காலைல ஷேவ் பண்ணிக்கிட்டே நீங்க எப்படி ஒப்பிக்கிறீங்களோ, அன்னன்னிக்கு அதே மாதிரி நான் கட்டை மாத்தி அடுக்கிடறேன்.”