ஆமா எசமான்

"மம்சாபுரத்தில் தொழுவத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனது நீதானா?"

"ஆமா எசமான்," என்றான் சூசை, சிரித்த முகமாக.

ஸ்ரீவில்லிபுத்தூர் சப் மாஜிஸ்திரேட் தீர்ப்பு எழுதப் பேனாவை மையில் தொட்டார். கூட்டத்திலிருந்து ஜெயக்கொடி எழுந்தாள். சப்ஜெயிலில் சூசைக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டவள் அவள்தான்.

"செத்த நேரம் பொறுங்க எசமான். ஆளு வளந்தானே தவிர, பச்சப்புள்ள மாதிரி. நான் ஒண்ணு கேட்டுக்கிடுதேன்."

அவர் தலையசைத்தார்.

"ஏலே சூசை, ஆண்டாள் கோயில் தேரைக் களவாண்டது நீதானா?"

"ஆமா."

"எங்கலே வச்சிருக்க?"

"வீட்டுல. கட்டிலுக்கு அடியில."

கோர்ட்டே சிரித்தது. சூசையும் சேர்ந்து சிரித்தான். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"எதுக்குடா எல்லாத்துக்கும் ஆமாங்கிறே?"

சூசையின் சிரிப்பு நின்றது. வாசலில் நின்ற போலீஸ்காரரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"இல்லன்னு சொன்னா அடிக்காங்க எசமான்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"விட்டாச்சு. கூட்டிட்டுப் போம்மா. இனிமே உன் தம்பியைத் தனியா விடாதே."

"எனக்குத் தம்பி கெடையாது எசமான். இவனை நான் ஜெயிலுலதான் மொதமொத பாத்தேன்."

"ஜெயிலுக்கு நீ எதுக்குப் போனே?"

"களவு போனது எங்க மாடு எசமான். பிராது குடுத்தது எங்க வீட்டுக்காரரு. மாட்டை எங்கலே வச்சிருக்கன்னு இவங்கிட்டக் கேக்கப் போனேன்."

ஜெயக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்குன்னான்."