கோட்டைக் கதவைத் திறந்தவன்

"இந்தத் துளையை நல்லா பார்த்துக்கங்க. கதவுக்குக் குறுக்கே போடுற கட்டையை இதுலதான் சொருகுவாங்க. அதை உள்ளே இருந்தே உருவி விட்டவன் எங்க ஊர்க்காரன். பேரு டோரர்!"

வழிகாட்டி ஊர்பான் கைத்தடியால் இடிந்த வாசல் கல்லை ஓங்கித் தட்டினான். கிரானெக் கோட்டையைப் பார்க்க வந்திருந்த பதினைந்து பேரும் அந்தச் சின்னத் துளையை முறை வைத்துப் படம் எடுத்தார்கள்.

"எதிரிகிட்ட ஒரு பை வெள்ளி வாங்கிட்டு, காவல்காரனே கதவைத் திறந்துட்டான், பாவி! கோட்டையே எரிஞ்சு போச்சு. ஐநூறு வருஷம் ஆச்சு, சுவர்ல இன்னும் கரி போகலை. அதோ, கீழே ஆப்பிள் தோட்டத்துக்கு நடுவுல வெள்ளையா ஒரு வீடு தெரியுதா? அதுதான் டோரர் வீடு."

பதினைந்து தலைகளும் கீழே எட்டிப் பார்த்தன.

"அந்த வீட்டுக்காரி இங்கேதான் நிக்கிறா. அவளையும் ஒரு படம் எடுத்துக்கங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மலையேறி வந்திருந்தாள் அகாத்தா. மூச்சு வாங்கியது. முகம் கொதித்துப் போயிருந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆளுக்குப் பெயர் வீட்டால்தான். டோரர் வீட்டில் யார் குடியிருந்தாலும் அவர் டோரர்தான். சொந்தக் குடும்பப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்தால் அதிசயம். அதனால் ஐநூறு வருடப் பழியும் வீட்டோடு சேர்ந்து அகாத்தாவின் தலையில் விழுந்திருந்தது.

"நாளைக்கு ஊர்வலம். என் பையன் வெண்டலின்கிட்ட கொடியைக் குடுப்பியா, மாட்டியா?"

இயேசுவின் திரு இருதய ஊர்வலத்தில் இருபது வருடமாக ஊர்க்கொடியைத் தூக்குகிறவன் ஊர்பான். இப்போது முழங்கால் போய்விட்டது. அடுத்த ஆளாக வெண்டலினைத்தான், ஊர்வலத்தில் சீருடையோடு அணிவகுக்கும் ஊர்ப்படையினர் ஒரே குரலில் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பழைய ஆள் கையால் கொடுத்தால்தான் புது ஆள் வாங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மனுஷன் ஒரு மாதமாக ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாட்டேன். காட்டிக்குடுத்தவன் ரத்தம் அந்தக் கொடியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"போன வருஷம் உன் மாட்டுக்கொட்டகை பத்திக்கிட்டப்ப முதல்ல உள்ளே பாஞ்சது யாரு? என் பையன்தானே! அவன் கை உன் பசுவைத் தொடலாம், கொடியைத் தொடக் கூடாதா? உனக்கு வெட்கமா இல்லை?"

"அதுக்கு நன்றி சொல்லியாச்சு. ஒரு பன்றித்தொடையும் குடுத்தாச்சு."

"பன்றித்தொடை யாருக்குடா வேணும்? நாலு நாளா அவன் சாப்பிடலை. முகத்தைக்கூட நிமிர்த்த மாட்டேங்கிறான்!"

கூட்டத்தில் தொப்பி போட்டிருந்த ஒரு பெண்மணிக்குத் தாங்கவில்லை. "எப்பவோ நடந்ததுக்கு அந்தப் பையன் என்ன பண்ணுவான், பாவம்?" என்றாள்.

"ரத்தம்னா ரத்தம்தான் அம்மா. கெட்டதும் இறங்கி வரும், நல்லதும் இறங்கி வரும். நான் பிறந்த பிக்லர் வீட்டை எடுத்துக்கங்க. கோட்டை எரிஞ்ச வருஷத்துலேருந்து அப்பனுக்கு அப்புறம் மகன், மகனுக்கு அப்புறம் பேரன். நடுவுல ஒரு நாள்கூட வேற குடும்பத்துக்குப் போனதில்லை. அரசாங்கமே விசாரிச்சு வாசல்ல பலகை மாட்டியிருக்கு!"

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள் அகாத்தா.

"ஏன், காது அடைச்சுப்போச்சா? ஐநூறு வருஷம்! ஒரே ரத்தம்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தாள். அடியில் நீல முத்திரை இருந்தது.

"இதுக்காக போட்ஸன் நகர ஆவணக் காப்பகத்துக்கு நாலு தடவை பஸ் ஏறினேன். பழைய எழுத்து எனக்கு எங்கே புரியுது? அங்கே வேலை பார்க்கிற பொண்ணு வாசிச்சு எழுதிக் குடுத்தா. இந்தா, எங்க வீட்டுக் கதையைத் தினம் தினம் சொல்றியே, இதையும் சேர்த்துச் சொல்லு. சத்தமா வாசி!"

ஊர்பான் சிரித்துக்கொண்டே மூக்குக் கண்ணாடியை மாட்டினான். மேடைப் பேச்சு மாதிரி குரலை உயர்த்தினான்.

"'கோட்டை எரிந்த ஆண்டு, புனித மார்ட்டின் திருநாளன்று, கதவைத் திறந்த காவல்காரன், அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி, தன் டோரர் வீட்டையும் நிலத்தையும் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தான். அதற்கு மாற்றாக அவர்களுடைய வீட்டை வாங்கிக்கொண்டு, மனைவி மக்களோடு அங்கே குடியேறினான். அந்த வீடு...'"

குரல் நின்றுவிட்டது. சிரிப்பும் எங்கோ போய்விட்டது. கைத்தடி நழுவிக் கீழே விழுந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

"எந்த வீடாம்?" என்று தொப்பிப் பெண்மணி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவளே வாய்விட்டு வாசித்தாள்.

"'பிக்லர் வீடு.'"

அகாத்தா காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்ன மாதிரியே நடக்கட்டும் ஊர்பான், அந்த ரத்தம் கொடியைத் தொடக் கூடாது. நாளைக்கு அதை என் பையன் கையில குடுக்க வேண்டாம். நீ தள்ளி நில்லு, அவனே எடுத்துக்குவான்."